முள் குத்திய வம்சம்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குக் கோச்சடையில் ‘மிதியடி வீடு’ என்று பெயர். ஊர் வைத்த பெயர், மெச்சி வைத்ததில்லை. மற்ற வீடுகளில் செருப்பை வெளியூர் போகவும் முள்ளுக்காட்டில் நடக்கவும் மட்டும்தான் தொடுவார்கள். என் மாமனார் வீட்டில் கொல்லைக்கு ஒன்று, வரப்புக்கு ஒன்று, வீட்டுக்குள் நடக்க ஒன்று என்று ஆளாளுக்குத் தோல் மிதியடி இருந்தது. அடுப்படியில்கூட அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார்கள். சாமி விளக்குக்கு முன்னால் மட்டும் கழற்றுவார்கள். அதற்கும் முன்னால் என் மாமியார் தரையைக் கூட்டி, உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் தெரியாமல்தான் திருமங்கலம் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு வந்தேன். ஆலாத்தி எடுத்து முடிந்தது. நான் வலது காலைத் தூக்கினேன். “பொறு தாயி” என்று மாமியார் தடுத்து, புது மிதியடி ஒரு ஜோடியை என் காலடியில் போட்டு, “இத மாட்டிக்கிட்டு வலது கால எடுத்து வையி” என்றார். என்னைக் கொண்டுவிட வந்திருந்த என் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. மகாலட்சுமி செருப்புப் போட்டுக்கொண்டு படியேறி வந்ததாக எந்தக் கதையிலும் அவள் கேட்டதில்லை. நானோ அதுவரை செருப்பே போட்டதில்லை. வாசற்படியில் தடுக்கி, மாலையும் கழுத்துமாக என் வீட்டுக்காரர் முதுகில் முட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

சாயங்காலம் இன்னொரு கூத்து. விளக்கு வைத்ததும் என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். மாமனார் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய உள்ளங்காலைப் பார்த்தார். விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தார். குதிகாலை அமுக்கிப் பார்த்தார். மாடு வாங்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு மாமனார் காலை நீட்ட, இவர் பார்த்தார். பெண்களுக்கு அடுப்படியில் மாமியார். அப்போது சின்னப் பெண்ணாக இருந்த என் நாத்தனார் காலை நீட்டிவிட்டு, அடுத்தது நீதான் என்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். புதுப்பெண் மாமியார் முகத்துக்கு நேரே காலை நீட்டுவதாவது! நான் மறுத்தேன். மாமியார் விடவில்லை, காலைப் பிடித்து இழுத்தார்.

“எதுக்கு அத்தை இதெல்லாம்?”

“நம்ம வம்சத்துக்கு முள்ளு ஆகாது தாயி” என்றார் அவர், வேறு விளக்கம் எதற்கு என்பதுபோல.

மெல்ல மெல்லத்தான் எனக்கு அந்த முள் புராணம் பிடிபட்டது. மாமனாரின் அப்பா கருவேல முள் குத்திச் செத்தார். அவருடைய அண்ணன் காலில் மூங்கில் சிம்பு ஏறிச் செத்தார். இந்த இரண்டு பேருக்கும் தங்கை ஒருத்தி, கதவு நிலையில் கால்விரலை இடித்துக்கொண்டு செத்தாள். அதையும் முள் கணக்கில்தான் சேர்த்திருந்தார்கள். எல்லாம் ஊரில் எல்லோருக்கும் குத்துகிற சாதாரண முள். மற்றவர்கள் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு ஆளுக்குக் குத்தினால் விரல் கறுக்கும், பாதம் வீங்கும், கொஞ்ச மாதத்தில் பாடை கட்ட வேண்டியதுதான். அப்பா செத்த வருஷம் மாமனார், அப்போது இளவட்டம், எங்கள் நிலத்தில் இருந்த கருவேல மரம் அத்தனையையும் வெட்டிச் சாய்த்தாராம். அதற்கப்புறம்தான் மிதியடியும் கால் பார்ப்பதும் வந்தன.

கல்யாணம் பேசும்போது என் அப்பா கேட்டிருக்கிறார், குடும்பத்தில் வியாதி வெக்கை உண்டா என்று. “வியாதியா? எங்க வம்சத்துலயா? முள்ளு குத்துனாத்தான் உண்டு” என்று மாமனார் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார். அதில் பொய் ஒரு துளிகூட இல்லை. மனுஷர் அப்படியே நம்பினார்.

வியாதி இல்லாததோடு நிற்கவில்லை. அந்த வீட்டு ஆண்களுக்கு விசேஷத் திறமைகளும் இருந்தன. தண்ணீர் குடிப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. வயலுக்குப் போகும்போது மற்றவர்கள் செம்பில் எடுத்துப்போனால் இவர்கள் பானையில் எடுத்துப்போவார்கள். “எங்க ஆளுக தண்ணி குடிக்கிறதப் பாத்தா வைகையே பயந்துக்கிரும்” என்பார் மாமனார். ராத்திரியில் அடிக்கடி எழுந்து கொல்லைக்குப் போவதும் பெருமைதான். அந்த வீட்டு ஆண்கள் தூங்குவதே இல்லை, அதனால்தான் எங்கள் தெருவுக்குத் திருடன் வருவதில்லை என்று பேச்சு. ஊர்க்காவலுக்கு ஆள் வைக்காமலே காவல் நடந்தது.

இனிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கரும்பு எங்கள் தோட்டத்துக் கரும்பு. ஆலை ஆட்டிப் பாகு காய்ச்சுவதும் எங்கள் களத்தில்தான். பாகு பதம் பார்க்கிறேன் என்று மாமனார் கொப்பரைக்குப் பக்கத்திலேயே இருப்பார். பதம் சரியாக வந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். சோற்றில் வெல்லம், கூழில் வெல்லம், காப்பியில் எங்கள் வீட்டுச் சர்க்கரை. என் வீட்டுக்காரர் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை. சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டுதான் மிதியடியைத் தேடுவார்.

அந்த மிதியடியே ஒருநாள் அவருடைய பெருவிரலைக் கடித்துவிட்டது. புது வார், உரசி உரசித் தோல் உரிந்துவிட்டது. இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தி நடந்தது இது. சாயங்காலம் கால் பார்க்கும்போது மாமனார் கண்டுபிடித்தார். விளக்கைக் கிட்டக் கொண்டுபோனார். அப்புறம் நிம்மதியாகச் சிரித்தார். “செருப்புக் கடி. முள்ளு இல்ல” என்று விட்டுவிட்டார். நாங்களும் மஞ்சளை இழைத்துப் போட்டு விட்டுவிட்டோம். புண் எங்களை விடவில்லை. மற்றவர்களுக்கு ஆறியிருக்க வேண்டிய நாளெல்லாம் கடந்து, விரல் நுனி கறுக்க ஆரம்பித்தது.

அந்தக் கறுப்பைப் பார்த்த அன்று மாமனார் விளக்கை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். என் வீட்டுக்காரர் என்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. நான் வாயாடினால் சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மறுநாள் காலையில் நானே வண்டியைக் கட்டச் சொன்னேன். மருமகள் வண்டி கட்டச் சொல்வது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. மாமனாரும் ஏறிக்கொண்டார்.

சிம்மக்கல் பக்கம் ஒரு டாக்டர் இருந்தார். தஞ்சாவூர்ச் சீமைக்காரர், நிதானமாகப் பேசுவார். புண்ணைப் பார்த்துவிட்டு, காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், மூத்திரம் கேட்டார். மாமனாருக்குக் கோபம். “புண்ணு கால்ல இருக்கு” என்று டாக்டருக்கு ஞாபகப்படுத்தினார். டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, இவர் கொடுத்ததில் சில சொட்டு விட்டு, விளக்குச் சுடரில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் நின்றது.

“எந்தக் கலர்ல இருக்கணும் டாக்டரய்யா?” என்றார் மாமனார்.

“நீலமாவே இருக்கணும்.”

“அப்ப நீங்க நேரத்தோட எறக்கியிருக்கணும். பதம் தப்பிப் போச்சு.”

டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் சொன்னார். இது சர்க்கரை வியாதி. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, அதனால்தான் புண் ஆறவில்லை. ஒழுங்காக இருந்தால் விரலோடு நிற்கும். இல்லாவிட்டால் மேலே ஏறும், காலை எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் உயிருக்கே உத்தரவாதமில்லை. “இனிமே சர்க்கரையைக் கையாலேயும் தொடக்கூடாது” என்றார். எனக்குப் புண்ணைக் கழுவிக் கட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

டாக்டர் சொன்னதை நாங்கள் அட்சரம் பிசகாமல் செய்தோம். எங்கள் பக்கத்தில் சர்க்கரை என்றால் பாகைக் காய்ச்சித் தேய்த்து எடுக்கிற பழுப்புப் பொடி. கடையில் விற்கிற வெள்ளைக்குச் சீனி என்று பெயர். சர்க்கரை வேறு, சீனி வேறு. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஆகவே வீட்டில் இருந்த சர்க்கரைப் பானையை மாமியார் தூக்கிப் பரண்மேல் வைத்தார். வெல்லமும் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பிதானே என்று அதையும் ஏற்றிவிட்டோம். கீழமாசி வீதியில் சீனி வாங்கி வந்து, இவருக்குக் காப்பியில், பாலில், கஞ்சியில் எல்லாம் சீனியே போட்டேன். நோயாளி ஆயிற்றே என்று ஒரு கரண்டி கூடுதலாகவே போட்டேன். ‘மிதியடி வீட்ல மூணு வேளையும் வெள்ளச் சீனியாம்’ என்று தெரு முழுக்கப் பொறாமை. இவரும், “வியாதி வந்தாலும் நல்ல வியாதிதான் வந்திருக்கு புள்ள” என்று டம்ளரை வழித்துக் குடித்தார்.

மாமனார் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்சி வேறு. “இந்த டாக்டரு சீனிக் கடைக்காரன்கிட்டக் கமிஷன் வாங்குறான். நம்ம சர்க்கரைய நிறுத்தச் சொல்லிட்டு வெள்ளைய விக்கப் பாக்குறான்” என்றார். கரும்பு விளைவிக்கிறவர் கண்ணுக்கு உலகம் அப்படித் தெரிந்தது. ஆனால் கறுப்பு விரல் நுனியிலிருந்து முதல் கணுவுக்கு ஏறியது. மறுபடியும் வண்டி கட்டினோம்.

குழாயில் நிறம் முன்னைக்கு மோசம். டாக்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“சர்க்கரை சாப்பிட்டீங்களா?”

“சத்தியமாத் தொடல டாக்டரய்யா” என்றார் இவர்.

“காப்பிக்கு என்ன போடறீங்க?”

“சீனிதான்” என்றேன் நான், பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. “நீங்க சொன்னதுலருந்து சீனி மட்டுந்தான். நல்லா தாராளமாவே போடுறேன்.”

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயராம். எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது. டாக்டர்மேல் கோபமா, என்மேல் கோபமா, தஞ்சாவூர்மேல் கோபமா என்று தெரியவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் பாவம், எழுந்து வந்து, “இப்பத் தெரிஞ்சுடுத்தே, இனிமே சரியாப் போயிடும்” என்றார். அதன்பிறகு சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன், கரும்புச்சாறு என்று மதுரை ஜில்லாவில் இனிக்கிற பொருள் அத்தனையையும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக, கூடாது கூடாது என்று சொன்னார்.

பிறகு மாமனாரைப் பார்த்து, “உங்க குடும்பத்தில் வேற யாருக்காவது இது இருந்ததா?” என்று கேட்டார்.

“எங்க குடும்பத்துல யாருக்கும் எந்த வியாதியும் கெடையாது. எல்லாரும் முள்ளு குத்தித்தான் செத்தாக.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாருமா?”

மாமனார் வரிசையாகச் சொன்னார். முள், சிம்பு, கதவு நிலை. விரல் கறுத்தது, பாதம் வீங்கியது, தாகம் தாகம் என்று கிடந்தது. தினமும் கால் பார்ப்பதையும் சொன்னார். டாக்டர் அதை மட்டும் மெச்சினார். இந்த வியாதிக்காரர்கள் எல்லோரும் செய்ய வேண்டிய காரியம் அது, நீங்கள் காரணம் தெரியாமலே செய்து வந்திருக்கிறீர்கள் என்றார். அப்புறம் மெதுவாக, முள் அவர்களைக் கொல்லவில்லை, முள்ளுக்கு முன்னாலேயே வியாதி உள்ளே இருந்திருக்கிறது, இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற வியாதி, நீங்களும் ஒருதரம் சோதித்துக்கொள்வது நல்லது என்றார்.

மாமனார் எழுந்துவிட்டார். “எங்கப்பன் செத்தப்ப நான் பக்கத்துல இருந்தவன். முள்ளப் புடுங்குனது இந்தக் கைதான். முள்ளு கொல்லலன்னா, நான் நிக்கிற மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்சது எதுக்கு?” என்று கேட்டுவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டார். வீடு வரைக்கும் மாட்டிடம் மட்டும்தான் பேசினார்.

அடுத்து ஓர் உத்தரவு போட்டார். நாத்தனாருக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “முள்ளுன்னா எவனும் பொண்ணு வேணாங்க மாட்டான். வியாதின்னா வாசலோட திரும்பிருவான்” என்றார். ஆகவே அந்த வியாதியின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது. அதற்கும் முள் என்றே பெயர் வைத்தோம். “இன்னைக்கு முள்ளு எப்பிடி இருக்கு?” “எறங்கியிருக்கு மாமா.” “முள்ளுக்குக் கேப்பைக் களி கிண்டிட்டியா?” வாசலில் நின்று கேட்கிறவர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் கேப்பைக் களியும் கீரையும் வேலை செய்தன. கறுப்பு நின்றது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப்பார்த்தது. அதைக் கண்ட அன்று நான் சாமி விளக்குக்கு இரண்டு திரி கூடப் போட்டேன். “பாதிக் கிணறு தாண்டியாச்சு. இப்ப இனிப்பைத் தொட்டா, காலை மறந்துட வேண்டியதுதான்” என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்துத்தான் வில்லாபுரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், நிலம் நீச்சு உள்ள இடம். மாப்பிள்ளை வரவில்லை, அந்தக் காலத்தில் வரவும் மாட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, கூட ஒரு சித்தப்பா. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். கை நனைப்பது இனிப்பில்தான். பெண்ணுக்கு அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அதே இனிப்பைத் தின்ன வேண்டும். அவன் வேண்டாம் என்று கையை எடுத்தால் அவனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும்.

“ஒருநாத்தானே, தின்னுருவான்” என்றார் மாமனார்.

“டாக்டர் என்ன சொன்னாரு மாமா?”

“ஒரு பொண்ணோட வாழ்க்கை தாயி.”

நாத்தனார்மேல் எனக்கு உயிர். ஆனால் காலைத் தினமும் கழுவிக் கட்டினவள் நான். அந்தப் புதுத்தோல் ஒரு நெல் அகலம் வளர்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆகவே தந்திரம் செய்தேன். வந்தவர்களுக்குக் கருப்பட்டிப் பணியாரம். இவருக்கு மட்டும் கேப்பை மாவில், ஒரு பொட்டு இனிப்பில்லாமல், பார்க்க அதே கறுப்பில், அதே குழியில் சுட்ட பணியாரம். தனித் தட்டில் எடுத்து வைத்து, மாமியாரிடம் மூன்று தடவை சொன்னேன். மாமியார் நன்றாகத் தலையாட்டினார். பந்தி முன்னால் போனதும் சம்பந்தி வந்த பதற்றத்தில் தட்டை மாற்றிவிட்டார்.

கதவிடுக்கில் நானும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வில்லாபுரத்துக்காரர் முதல் பணியாரத்தைக் கடித்தார். மென்றார். இன்னும் கொஞ்சம் மென்றார். “இனிப்பு அளவாப் போட்டிருக்கீக” என்றார் பெருந்தன்மையாக. அவர் மனைவி ஒரு விள்ளலை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, சித்தப்பாவிடம் குனிந்து, எங்களுக்கும் கேட்கிற மாதிரி, “கரும்பாலை வச்சிருக்காகன்னு சொன்னீக. கருப்பட்டிக்கே வழியில்லாத வீடால்ல இருக்கு” என்றாள். அப்படியானால் இவர் வாயில் போனது?

இவருக்கும் தெரிந்துவிட்டது. பல மாதம் கழித்து நாக்கில் கருப்பட்டி பட்ட மனுஷர் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தார். துப்ப முடியாது. விழுங்கினார். வில்லாபுரத்துச் சித்தப்பா உபசாரமாக, “என்ன மருமகனே, சம்பந்தம் புடிக்கலையா? தின்னுங்க” என்று அவருடைய தட்டிலிருந்தே இன்னொன்றை எடுத்து அவர் இலையில் தள்ளினார். மாமனார் மகனைப் பார்க்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேசி நேரத்தைத் தள்ள வேண்டுமே என்று, “ஒங்கப்பா எப்பத் தவறுனாரு சம்பந்தி?” என்று கேட்டார்.

“அதாச்சு ரொம்ப வருசம். வியாதின்னு ஒண்ணும் கெடையாது. எங்க குடும்பத்துல யாருக்கும் எந்த வியாதியும் கெடையாது” என்றார் வில்லாபுரத்துக்காரர். “களத்துல ஒரு முள்ளு குத்துச்சு. அம்புட்டுத்தான்.”

அடுப்படியில் மாமியார் கையிலிருந்த கரண்டி நின்றது. நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“முள்ளா?” என்றார் மாமனார்.

“முள்ளுதான். சுண்டு வெரல்ல. மொதல்ல வெரல் கறுத்துச்சு. பெறகு பாதம். பெறகு முழங்கால் வரைக்கும் ஏறிருச்சு. வலி தாங்காமக் கத்துவாரு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு, நாந்தான் ஊத்திக்கிட்டே இருந்தேன். அம்புட்டுத் தண்ணி ஒரு மனுசன் குடிச்சு நான் பாத்ததில்ல.” சொல்லிவிட்டு அவர் செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தார். வந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

மாமனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம் தெரிந்தது. மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அடுத்த பணியாரத்தை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். மாமனார் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

“போடு அத.”

“ஐயா…” என்றார் இவர் தணிந்த குரலில், தங்கை இருக்கும் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டி.

“கீழ போடுடா!” பணியாரம் இலையில் விழுந்தது. மாமனார் வில்லாபுரத்துக்காரர் பக்கம் திரும்பினார். “எம்மகனுக்கு இது ஆகாது சம்பந்தி. சர்க்கரை வியாதி. எங்கப்பனும் அதுலதான் போனாரு. முள்ளுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம், முள்ளு இல்ல. ஒங்கப்பாவும் முள்ளு குத்திச் சாகல. நீங்க டாக்டர்ட்டப் போயிப் பாருங்க. செம்பு செம்பாத் தண்ணி குடிக்கிறீக.”

வில்லாபுரத்து அம்மாள்தான் முதலில் எழுந்தாள். “அப்ப நாங்க கலந்து பேசிச் சொல்லி அனுப்புறோம்” என்றாள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம்; அது எங்கள் தெருக் கோழிக்கும் தெரியும். அவள் புருஷன் மட்டும் வாசலில் தயங்கி நின்று, “அந்த டாக்டரு எங்க இருக்காரு?” என்று கேட்டார். அவள் அவருடைய துண்டைப் பிடித்து வண்டிக்கு இழுத்துப்போனாள். “சிம்மக்கல்லு! மூத்திரம் கொண்டு போங்க!” என்று மாமனார் தெருவுக்கே கேட்கக் கத்தினார். அதோடு எங்கள் ரகசியம் தீர்ந்தது.

பட்டுச்சேலையோடு நாத்தனார் முற்றத்துக்கு வந்தாள். மாமனார் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய மனுஷர் அன்றைக்குச் சின்னதாகத் தெரிந்தார்.

“ஒங்கல்யாணத்த நானே கெடுத்துட்டேன் தாயி.”

அவள் அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. அந்தச் சம்பந்தத்தை அவள் ஆசைப்பட்டிருந்தாள். அழுது முடித்து, விலையுயர்ந்த பட்டிலேயே மூக்கைச் சிந்திவிட்டு, “பரவால்ல ஐயா. அண்ணனுக்குக் காலு வேணும்ல” என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “கருப்பட்டிக்கு வழியில்லாத வீடுன்னு சொன்னாக பாருங்க. அப்பிடிச் சொன்னவுக வீட்டுக்கு நான் எப்பிடிப் போறது?” என்றாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். “காப்பி இருக்காத்தா? அவனுக்குப் போடுறது மாதிரியே ஒரு டம்ளர் கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

“இம்புட்டுக் கசப்பையா எம்மகன் இத்தன நாளாக் குடிக்கிறான்?”

“ஆமா மாமா.”

அவர் மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டி, “காலைல வண்டி கட்டச் சொல்லு. டாக்டர்ட்ட நானும் சோதிச்சுப் பாத்துக்கிறேன்” என்றார்.